நான் தட்டிவிட்ட கவளம்

புதிதாக உடுப்புப் போட்டு வந்திருக்கிற பிள்ளைகளே, உங்கள் பெரியவர் என்னைக் கூப்பிட்டு, "அனுபவத்தில இரிந்து கொஞ்சம் சொல்லிக் குடுங்க" என்று கேட்டார். பூட்டுவது, திறப்பது, கைதிகளை எண்ணுவது எல்லாம் வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். அதை நான் திரும்பச் சொன்னால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள், எனக்கும் தூக்கம் வரும். நான் மறியல்சாலை வாசலில் நின்றே நரைத்தவன். வீரக்கதை கேட்க வந்திருந்தால் இப்போதே எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போங்கள். நான் சொல்லப் போவது நான் விட்ட ஒரு பிழை.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு ஊர் சாய்ந்தமருது. வேலை பக்கத்து நகரத்து மறியலில். என்னோடு வாசலில் நின்ற மற்றக் கார்ட்மார் தமிழர், சிங்களவர். முஸ்லிம் என்று நான் ஒருவன்தான். இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போக விளங்கும்.

விளக்கமறியலில், வழக்கு முடியாமல், இருப்பவருக்கு வீட்டுச் சோறு கொண்டுவரலாம். ஆனால் கொண்டுவந்தவர் எங்கள் கண்முன்னால் ஒவ்வொரு சட்டியிலும் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட வேண்டும். அதற்குப் பிறகுதான் அது உள்ளே போகும். நான் சேர்ந்தபோது இருந்த பெரிய கார்ட் அதில் மகா கண்டிப்பு. "பெத்த தாய் கொண்டுவந்தாலும் திண்டு காட்டச் சொல்லு. அவ கோபிச்சா கோபிக்கட்டும், நீ பாத்து நில்லு" என்பார். அந்த மனிதர் ஓய்வு பெற்றுப் போன பிறகும் நாங்கள் அதை விடவில்லை.

நோன்பு மாதம் வந்தால் மட்டும் இடிக்கும். கல்முனைப் பக்கத்தில் இருந்து இரண்டு பஸ் ஏறி, கச்சான் அனல் காற்றில் வெந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒரு உம்மா வந்து நிற்பா. நோன்பு துறக்க மகனுக்குக் கஞ்சியும் சோறும் கொண்டுவந்திருப்பா. அவவைப் பார்த்து "ஒரு வாய் தின்னு" என்று எந்த வாயால் சொல்வது? மற்றக் கார்ட்மார் என்னைப் பார்ப்பார்கள். "அது உங்கட ஆக்கள்ட விசயம், நீரே பாரும்" என்பார்கள். நானும் பெரிய நீதவான் மாதிரி, நோன்பாளிகள் தின்னத் தேவையில்லை என்று ஒரு சட்டத்தை என் மனதுக்குள் போட்டுக்கொண்டேன். எவரிடமும் கேட்கவில்லை. உள்ளூர எனக்கு அதில் ஒரு பெருமைகூட.

அந்த வருடம் உள்ளே ஆதம்பாவா என்று ஒருவர் இருந்தார். வயற்காரர். சிறுபோகத்துத் தண்ணீர்ச் சண்டை. சவளக்கடைக்கு அங்கால் இருக்கிற வயல் வட்டையில், வாய்க்கால் பார்க்கிற ஒரு மனிசன் மண்வெட்டி அடிபட்டுச் செத்துப்போனார். அந்த நேரம் வரம்பில் நின்றது இரண்டு பேர்: ஆதம்பாவாவும் அவருடைய காக்கா, அதாவது மூத்த சகோதரர், மீராலெவ்வையும். "நான்தான் அடிச்ச" என்று ஆதம்பாவா பொலிசில் சொல்லி உள்ளே வந்துவிட்டார். மூன்று மாதமாயிற்று. ஆள் சாது. உள்ளே இருந்த முஸ்லிம் ஆட்களுக்கு முன்னின்று தொழுவிப்பவரும் அவர்தான்.

கிழமைக்கு ஒருதரம் அவரைப் பார்க்க மனைவி ஆசியா உம்மா வருவா. முப்பது வயது இருக்கும். முக்காட்டின் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, கண்ணை நிமிர்த்தாமல் நிற்கிற பெண். அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப் பெண் தனியாக அவ்வளவு தூரம் பஸ்ஸில் வரமாட்டா. அதனால் துணைக்கு மீராலெவ்வை வருவார். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் அவ, அவவுக்குப் பக்கத்தில் அவர், அந்தப் பக்கம் ஆதம்பாவா. புருசனும் பெண்சாதியும் தனியாக ஒரு வார்த்தை பேசி நான் கண்டதில்லை.

நோன்பு தொடங்கிய கிழமை. நான் வலைக்கு இரண்டு முழத் தூரத்தில் நிற்கிறேன். ஆதம்பாவா வலையைப் பிடித்துக்கொண்டு மூத்தவரிடம் சொன்னார்:

"காக்கா, வாற வழக்குத் தவணையில நான் உள்ளதச் சொல்லப் போறன். மூணு மாசத்துல வெளிய எடுக்கிறன் எண்டு சொன்னீங்க. இப்ப தூக்கு எண்டு கதைக்கிறாங்க. எனக்கு ரெண்டு பொம்புளப் புள்ள. நான் போனா அதுகள ஆரு பாக்கிற?"

மீராலெவ்வை சிரித்தார். "சரி மனே, சரி. அவசரப்படாத. கதைச்சுப் பாப்பம்" என்றார். ஆசியா உம்மா முதற்தடவையாகத் தலை நிமிர்ந்து அவருடைய முகத்தைப் பார்த்தா. நான் என்ன செய்தேன்? கொட்டாவி விட்டேன். இது வழக்கறிஞர் பார்க்கிற சங்கதி, வாசற்காரனுக்கு இதில் என்ன என்று இருந்துவிட்டேன். என் முதல் பிழை அது.

அடுத்த கிழமை வந்தார்கள். பின்னேரம் நாலு மணி இருக்கும். அன்றைக்குச் சாப்பாட்டுக் கெரியரை மீராலெவ்வை தன் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் பக்கத்து ஆம்பிளை, அதுவும் அவரைப் போல நாலு பேர் மதிக்கிற ஆள், பெண் பக்கத்தில் இருக்கும்போது சோற்றுச் சட்டி தூக்கமாட்டார். நான் அதைக் கண்டேன். கண்டும் ஒன்றும் யோசிக்கவில்லை.

"இண்டைக்கு எங்கட வீட்ட ஆக்கின. தம்பிக்கு இறைச்சிக் கறி ஆசை" என்று சொல்லி மேசையில் வைத்தார்.

நான் வழக்கம்போலத் தாராளமாக, "நோன்புதானே, தின்னத் தேவையில்ல, விடுங்க" என்றேன்.

அப்போதுதான் ஆசியா உம்மா முன்னுக்கு வந்தா. கெரியரின் மூடியைத் திறந்தா. சோற்றைக் கையில் எடுத்து, அடுத்த சட்டியில் இருந்த கறியில் பிசைந்து, என்னைப் பார்த்து, "காக்கா, நான் ஒரு வாய் திண்டு காட்டுறன்" என்றா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நோன்பு நாள், பட்டப்பகல், பத்துப் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், எங்கள் ஊர்ப் பெண்ணொருத்தி சோற்றை வாய்க்குக் கொண்டுபோகிறா!

"என்னகா செய்யிறாய்? நோன்பெல்லோ!" என்று கத்தினேன்.

கையைப் பிடிக்க முடியாது, அந்நியப் பெண். என்னிடம் இருந்தது ஒரு பிரம்பு. அதை நீட்டி அவவுடைய விரலில் தட்டினேன். கவளம் சிதறி நிலத்தில் விழுந்தது. மீராலெவ்வையும் "புத்தி பேதலிச்சிட்டா புள்ள?" என்று அதட்டினார். அவருடைய குரல் நடுங்கியது. கோபத்தில் நடுங்குகிறது என்றுதான் நான் நினைத்தேன்.

அவ விரலைப் பொத்திக்கொண்டு என்னை நேரே பார்த்தா. பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னா:

"காக்கா, எனக்கு இண்டைக்கு நோன்பில்ல."

பிள்ளைகளே, உங்களில் எங்கள் ஆட்கள் இருந்தால் இது என்ன பேச்சு என்று விளங்கியிருக்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மாதத்தில் சில நாட்கள் பெண்களுக்கு நோன்பு இல்லை. ஆனால் அந்த நாட்களிலும் அவர்கள் வீட்டு ஆம்பிளைகளுக்குத் தெரியாமல் மறைவில்தான் ஒரு வாய் தண்ணீர் குடிப்பார்கள். அதை ஒரு பெண், புருசனுடைய காக்காவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்நிய ஆம்பிளைகளுக்கு நடுவில் வாய்விட்டுச் சொல்வதென்றால், அவ தன் மானத்தைக் கழற்றி அந்த மேசையில் வைத்துவிட்டா என்று அர்த்தம்.

வரிசையில் நின்ற ஒருவன் களுக்கென்று சிரித்தான். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. என் ஊர்ப் பெண், என் சாதிசனத்துப் பெண், இத்தனை பேருக்கு முன்னால் இப்படிக் கதைக்கிறாவே என்ற வெட்கம். அந்த வெட்கத்தை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் மூடியைப் போட்டு, கெரியரைத் தூக்கி உள்வாசல்காரனிடம் கொடுத்துவிட்டேன். "போ புள்ள, போ. வலைக்கிட்டப் போய்க் கதைச்சிட்டுக் கெதியா வீட்ட போ" என்றேன்.

அவ போகவில்லை. "கை கழுவுங்க காக்கா" என்று மட்டும் சொன்னா. என் விரலில் கறி பட்டிருந்தது. நான் காற்சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

வலையருகில் என்ன கதைத்தார்கள் என்று தெரியாது. நான் வெட்கத்தில் அந்தப் பக்கமே திரும்பவில்லை. மீராலெவ்வை அவவை ஒட்டிக்கொண்டு நின்றார் என்று பிறகு சொன்னார்கள். ஐந்து நிமிடத்தில் இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

சூரியன் சாய்ந்தது. நோன்பு துறக்கிற பாங்குக்குப் பத்து நிமிடம் இருக்கும். நான் வாசலில் ஒரு கோப்பைத் தண்ணீரும் இரண்டு ஈத்தம்பழமும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பெரிய கதவில் படபடவென்று அடி. எட்டிப் பார்த்தால் ஆசியா உம்மா. தனியாக. காலில் செருப்பில்லை. முக்காடு தோளில் கிடக்கிறது.

"காக்கா! அந்தச் சோத்தக் குடுக்காதீங்க காக்கா! அதுல என்னவோ இரிக்கி!"

"என்ன இரிக்கி? ஆரு சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல. பஸ்ஸில போகக்குள்ள பெரிய மச்சானிட்ட, கெரியர எப்ப திருப்பி எடுக்கிற எண்டு கேட்டன். 'அது அங்க கிடக்கட்டும்' எண்டார். அவர்ட பெண்சாதிட சீதனக் கெரியர் காக்கா! ஒரு மூடி காணாட்டியும் அவ ஊரையே கூட்டுவா. அது அங்க கிடக்கட்டுமாம்! நான் பின் கதவால இறங்கி ஓடி வாறன்."

கேளுங்கள், இந்த இடத்தில்தான் நீங்கள் என்னைப் பார்க்க வேண்டும். நான் உடனே ஓடவில்லை. நின்றேன். ஒரு கெரியருக்காக ஒரு மனிதரைக் கொலைகாரர் என்பதா? நோன்பாளிகளுடைய சோற்றைக் கொட்டிவிட்டு, பிறகு அதில் ஒன்றுமில்லை என்றால் என்ன முகத்தோடு ஊருக்குள் போவது? இந்தப் பெண் வேறு பின்னேரம் தலைகால் தெரியாமல் பேசினாவே. இவ்வளவும் என் மண்டைக்குள் ஓடியது. அவ கதவுக் கம்பியைப் பிடித்து உலுக்கினா.

"இத உங்களுக்குச் சொல்லத்தானே காக்கா அவ்வளவு பேருக்கு முன்னால அந்தக் கதையக் கதைச்ச! அந்தாள் பக்கத்தில நிக்கக்குள்ள வேற எப்பிடிச் சொல்ற? அதுல ஒண்டும் இல்லாட்டி நான் திண்டதோட போகும். இரிந்தா நான் விழுந்திருப்பன், நீங்க அத உள்ள விட்டிருக்க மாட்டீங்க!"

யா அல்லாஹ்! அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவ நோன்பை முறிக்க வரவில்லை. தன் உயிரை வைத்து அந்தச் சோற்றைச் சோதிக்க வந்திருக்கிறா. நான் அதைப் பிரம்பால் தட்டிவிட்டு, நஞ்சை என் கையாலேயே உள்ளே அனுப்பியிருக்கிறேன்.

ஓடினேன். உள்வாசல் திறப்பு வைத்திருந்தவன் கிணற்றடியில் முகம் கழுவுகிறான். அவனைக் கூப்பிட்டு, அவன் வந்து, திறப்பைத் தேடி, பூட்டில் போட்டுத் திருப்புவதற்குள் நகரத்துப் பள்ளிவாசலில் "அல்லாஹு அக்பர்" என்று பாங்கு எழும்பிவிட்டது. என் வாழ்நாளில் மஃரிப் பாங்கு கேட்டு நான் நடுங்கியது அன்றைக்குத்தான்.

எங்கள் ஊர்களில் கந்தூரிக்கும் கலியாணத்துக்கும் ஐந்தாறு பேர் சுற்றியிருந்து ஒரே பெரிய தட்டில் சாப்பிடுவோம். சஹன் என்போம். மறியலுக்குள்ளும் நோன்பாளிகள் அப்படித்தான். எவருக்கு வந்த சோறானாலும் ஒரே தட்டில் கொட்டி, எல்லோரும் ஒன்றாகத்தான் நோன்பு துறப்பார்கள். நான் போய்ச் சேரும்போது ஆறு பேர் வட்டமாக இருக்கிறார்கள். நடுவில் சோறு, அதன்மேல் கறி. ஈத்தம்பழம் வாயில். ஆதம்பாவாவின் கை தட்டுக்கு மேலே போய்விட்டது.

"தொடாதீங்க!" என்று சொல்ல நேரமில்லை. சப்பாத்துக் காலால் சஹனை உதைத்தேன். அது சுவரில் மோதிக் கவிழ்ந்தது.

ஆறு பேரும் எழும்பினார்கள். ஆதம்பாவா, அந்தச் சாது மனிதர், என் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்தினார். "நோன்பு துறக்கிற சோத்தக் காலால உதைக்கிறயாடா? நீயும் ஒரு முஸ்லிமா?" அவருடைய கை என் கழுத்தில் இறுகியது. அவர்கள் என்னை அங்கேயே அடித்துப் போட்டிருந்தாலும் நான் குற்றம் சொல்லியிருக்க மாட்டேன்.

அப்போது மூலையில் இருந்து ஒரு சத்தம். திரும்பினோம். காரைதீவுக் கணபதிப்பிள்ளை வாயில் நுரையோடு சுருண்டு கிடக்கிறார்.

அவர் கசிப்புச் சாராய வழக்கில் வந்த ஆள். பகிடிக்காரர். நோன்பாளிகள் தங்களுக்கு வருவதில் எல்லாம் அவருக்கு ஒரு பங்கு எடுத்து வைப்பார்கள். "உங்களுக்குத்தான் பாங்கு. நான் என்னத்துக்குக் காத்திருக்கிற?" என்று சொல்லி அவர் முதலே சாப்பிடுவார். அன்றைக்கும் அவருக்குத்தான் முதல் பங்கு கொடுத்திருக்கிறார்கள். அன்பாக, இறைச்சித் துண்டு பார்த்துப் போட்டு.

ஆதம்பாவாவின் கை என் கழுத்தில் இருந்து கழன்றது. "இது ஆரு ஆக்கின சோறு?" என்று கேட்டார்.

"உங்கட காக்கா வீட்ட" என்றேன்.

அவர் அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. "காக்காவா? எங்கட காக்காவா?" என்று எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக் கேட்டார். பிறகு எழும்பி, கணபதிப்பிள்ளையின் தலைப்பக்கத்தைத் தூக்கினார். நானும் அவரும்தான் அந்த மனிதரை வாசல்வரை சுமந்தோம்.

வயலுக்கு அடிக்கிற மருந்து என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கணபதிப்பிள்ளை எட்டு நாள் நினைவில்லாமல் கிடந்து பிழைத்தார். ஒன்பதாம் நாள் நான் பார்க்கப் போனேன். அவருடைய மகள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எங்கட அப்பாவ நீங்கதானாம் ஐயா காப்பாத்தின" என்று அழுதா. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓம் என்கிற மாதிரித் தலையை ஆட்டினேன். அந்த நஞ்சை உள்ளே அனுப்பியது நான்தான் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மறியலுக்குள் எத்தனையோ கோழைகளைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நின்றவனைவிடப் பெரிய கோழையைப் பார்க்கவில்லை.

மீராலெவ்வையைப் பொலிசார் அவருடைய வீட்டிலேயே பிடித்தார்கள். நோன்பு துறந்துவிட்டுப் பாயில் சாய்ந்திருந்தாராம். ஆதம்பாவா அடுத்த தவணையில் உள்ளதைச் சொன்னார். அது கோட்டுக்கதை, அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது அந்த மாலை வாசலில் நடந்தது.

கணபதிப்பிள்ளையை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டுத் திரும்புகிறேன். ஆசியா உம்மா கதவுக்கு வெளியே சுவரோரம் குந்திக்கொண்டு இருக்கிறா. இருட்டுப்பட்டுவிட்டது. வண்டியில் ஏற்றியது யாரை என்று அவவுக்குத் தெரியாது. என்னைக் கண்டு சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினா.

"காக்கா, அவர் உசிரோட இரிக்காரா?"

"ஓம் புள்ள. அவர் தின்னல்ல. நல்லா இரிக்கார்."

அவ கண்ணை மூடினா. உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. முக்காட்டை எடுத்துத் தலையில் ஒழுங்காகப் போட்டுக்கொண்டா. பிறகு மெதுவாகக் கேட்டா:

"பாங்கு சொல்லி முடிஞ்சிட்டா காக்கா? எனக்குச் சரியா விளங்கல்ல. கொஞ்சம் தண்ணி தாங்க, நோன்பு துறக்கணும்."

எல்லோருக்கும் முன்னால் நோன்பில்லை என்று சொன்ன பெண்! விடியுமுன் சஹர்ச் சோறு தின்றது முதல் அந்த வெயிலில், அந்த ஓட்டத்தில், ஒரு சொட்டுத் தண்ணீர் தொண்டையில் படாமல் இருந்திருக்கிறா. பொய் சொன்னது புருசனுக்காக. நோன்பை மட்டும் விடவில்லை.

நான் எனக்கென்று எடுத்து வைத்திருந்த கோப்பையைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவ அதை வாங்கி, குடிக்காமல் என் முகத்தைப் பார்த்தா.

"நீங்க துறந்திட்டீங்களா காக்கா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். கோப்பையை என்னிடமே திருப்பி நீட்டினா.

"அப்ப நீங்க முதல் குடிங்க" என்றா. "நான் பாத்து நிக்கிறன்."